கடைமடைக்கு வராத தண்ணீர்

ஜூன் 6, செவ்வாய்

இன்றும் தண்ணீர் ஆருஸ்யாக்கின் தோட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. காலை பத்து மணிக்கே பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். செருப்பெல்லாம் புழுதி. ஒரு காய்ந்த அவரைச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கு ஒரு இறப்புச் சான்றிதழ் எழுதிக் குடு நுவார்ட். நீதானே இந்த ஊர்ல பிறப்பு, இறப்பு எல்லாம் எழுதறவ."

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அவள் முறை வருகிறது. அன்றைக்கும் வாய்க்காலில் ஈரம்தான் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மலையில் இந்த வருஷம் பனி குறைவு, ஓடையிலேயே தண்ணீர் இல்லை என்றேன். "பனி கீழத்தெருவுக்கு மட்டும் குறைவா பெஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

செடி இன்னும் மேஜைமேல் கிடக்கிறது. எடுத்துப் போடக் கை வரவில்லை.

ஜூன் 8

வாச்சிக் தன் மகனோடு ரஷ்யாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்தத் தலைவலி எனக்கு ஏன்? இருபது வருஷம் மதகுச் சாவி அவனிடம்தான் இருந்தது. ஏப்ரலில் ஊர்க்கூட்டத்தில் "யார் முறை பார்க்கறது?" என்று தலைவர் ரஸ்மிக் கேட்டபோது ஆண்கள் எல்லாரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். ஸாவென் அண்ணன்தான் எழுந்து, "என் தங்கச்சி பாத்துக்குவா. அலுவலகத்துல சும்மாதானே உக்காந்திருக்கா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததே சம்மதம் ஆகிவிட்டது.

இப்போது நான் கடைப் பக்கம் போனால் நார்டி விளையாடுகிறவர்கள் பகடையை உருட்டாமல் நிறுத்தி, "வந்துட்டாங்க தண்ணி மந்திரி" என்கிறார்கள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு பதவி!

ஜூன் 14, புதன்

அண்ணி சிரூஷ் வீட்டில் லவாஷ் சுட்டோம். ஏழு பெண்கள். நான் மாவு தேய்த்தேன், அண்ணி தந்தூர்க் குழியில் குனிந்து ஒட்டினாள். வெயிலும் நெருப்பும் சேர்ந்து முகமெல்லாம் எரிந்தது. முதல் ரொட்டியில் பாலாடைக்கட்டியும் பச்சை வெங்காயமும் சுருட்டி என் வாயில் திணித்து, "சாப்பிடு, எலும்பும் தோலுமா இருக்கே. ஒருத்தன் போயிட்டான்னா இன்னொருத்தன் பாக்கறதுக்காவது சதை வேணும்" என்றாள். எல்லாருக்கும் சிரிப்பு. என் கணவன் அர்மேன் ரஸ்தோவ் நகரத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தி ஒன்பது வருஷம் ஆகிறது. ஊருக்கு அது இன்னும் புதுச் செய்திதான்.

அண்ணன் வந்தான். குன்றுக்குப் பின்னால் போட்ட ஆப்ரிகாட் கன்றுகளைப் பற்றியே பேச்சு. நூற்றிருபது கன்று. எல்லாம் துளிர்த்துவிட்டதாம். "கெவோர்க் வந்து பாக்கட்டும். மாஸ்கோவுல எவனுக்கோ சுவத்துக்குச் சாயம் அடிக்கறான். இங்க அவனுக்குன்னு ஒரு தோப்பு நிக்கும்." சொல்லும்போது கண் மின்னியது. மகனைப் பற்றிப் பேசினால் அவன் முகம் இருபது வயது குறைந்துவிடும்.

"தண்ணி எப்படிண்ணே பத்துது?" என்று கேட்டேன்.

"மண்ணு நல்ல மண்ணு. ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்."

நல்ல மண் கிடைத்தவன் பாக்கியவான். நான் குடியிருக்கும் சின்ன வீடுகூட அவன் கொடுத்ததுதான். அவன் கொல்லையில், அவன் கிணற்றடியில்.

ஜூன் 18

ஆருஸ்யாக்கின் முறை. அரை மணி நேரம் வந்தது. பிறகு சேறு.

ஜூன் 25

உட்கார முடியவில்லை. அலுவலகத்தில் பத்து நிமிஷம் இருந்தால் எழுந்து வாய்க்கால் பக்கம் போகத் தோன்றுகிறது. போனால் அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. மதகு சரியாக இருக்கிறது. பூட்டு சரியாக இருக்கிறது. ஓடையிலிருந்து வருவது குறைவுதான், ஆனால் இவ்வளவு குறைவா? நடந்து நடந்து குதிகால் வெடித்துவிட்டது. எதைத் தேடுகிறேன்?

ஜூலை 1, சனி

நேற்றும் கீழத்தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. ஆருஸ்யாக்கின் அவரை முழுவதும் போய்விட்டது. உருளைக்கிழங்கு மட்டும் மிச்சம். அவள் இந்த முறை அலுவலகத்துக்கு வரவில்லை. நானே போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, வண்டலைப் பார்த்து என் பலனைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு வழி தெரியுது. நீளமா. நீ நடந்துக்கிட்டே இருக்கே."

"அது வண்டல்லயா தெரியணும்? என் காலைப் பாத்தாலே தெரியும்."

சிரித்தாள். பிறகு, "நாங்க கீழத்தெருக்காரங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்த ஊருக்கு ஓடி வந்து இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. பாகூ நகரத்துல எங்க வீட்டுல குழாயைத் திருகினா தண்ணி வரும். இங்க ஒருத்தர் மனசைத் திருகணும்" என்றாள்.

மேலத்தெருக்காரியாகப் பிறந்தது நான் கேட்டு வாங்கியதா?

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஸ்லாவிக்கின் அவரை. பச்சைப் பசேலென்று. வாய்க்காலில் ஆருஸ்யாக்குக்குச் சற்று மேலே அவன் நிலம்.

ஜூலை 5, புதன்

விடியும்போதே போனேன். ஸ்லாவிக்கின் அவரை வரிசைக்கு நடுவே மண் ஈரம். இன்று அவன் முறை இல்லை. கொட்டகையில் ஒரு ரப்பர் குழாய் சுருட்டித் தொங்குகிறது. வாய்க்கால் கரையில் மண் கொஞ்சம் கிளறிவிட்டதுபோல் கிடக்கிறது.

அவன் வெளியே வந்தான், சட்டை பொத்தான் போடாமல்.

"இந்தக் குழாய் எதுக்கு ஸ்லாவிக்?"

"காரு கழுவறதுக்கு."

"மண்ணு ஏன் ஈரமா இருக்கு?"

என்னையே பார்த்தான். "தண்ணி ஊத்துனா மண்ணு ஈரமாத்தான் இருக்கும்" என்றான். உள்ளே போய்விட்டான்.

திமிர். ஆருஸ்யாக்கின் கண்ணீரைக் குடித்துவிட்டு இப்படிப் பேச எப்படி வருகிறது?

ஜூலை 7, வெள்ளி

சொல்லிவிட்டேன். கடை வாசலில், ஒன்பது பேர் முன்னால்.

ஸ்லாவிக் நார்டி ஆடிக்கொண்டிருந்தான். நான் நேரே போய், "ஆருஸ்யாக் பங்குத் தண்ணியை நீதான் எடுக்கறே. பக்கத்து வீட்டுக்காரி, உன்னோட ஒரே லாரியில வந்தவ. அவ வயிறு எரியுது. உன் அவரை மட்டும் பச்சையா நிக்குது. ரெண்டு முறை உன் மடையைப் பூட்டப் போறேன்" என்றேன்.

கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை.

அவன் கையில் பகடை இருந்தது. அதை ஆடாமல் பலகையில் வைத்தான். "உங்க ஊரு. உங்க தண்ணி. உங்க பேச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். பின்னால் யாரோ, "ஓடி வந்த கூட்டம், கைய வச்ச இடமெல்லாம்..." என்றார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸாவென் அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து என் தோளைத் தட்டினான்.

"இப்பத்தான் நீ எங்க அப்பன் பொண்ணு."

பெருமையாக இருந்தது. இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 12

பூட்டியும் ஆருஸ்யாக்குக்குக் கால் மணி நேரத்துத் தண்ணீர்தான். வெயில் குடிக்கிறது. வேறென்ன? வேறென்னவாக இருக்கும்?

ஜூலை 16, ஞாயிறு

ஸ்லாவிக்கின் மனைவி ஜெம்மா கடையில் என் பக்கத்தில் நின்று உப்பு வாங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரர் அவளுக்குக் கடைசியில்தான் கொடுத்தார்.

ஜூலை 23, ஞாயிறு

வர்தவார், தண்ணீர் ஊற்றும் பண்டிகை. காலையிலிருந்தே வாளியும் சொம்பும். தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் திடலுக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் விடச் சொன்னார் ரஸ்மிக். "வறட்சின்னு பண்டிகையை விட முடியுமா? சாமி கோவிச்சுக்கும்." விட்டேன். ஊர் முழுக்கத் தெருவில். பாதிரியாரின் தலையிலேயே யாரோ ஒரு பானையைக் கவிழ்த்தார்கள். அண்ணி என்னைத் துரத்தி வந்து ஊற்றினாள். மூச்சு முட்டச் சிரித்தேன், எத்தனையோ நாளுக்கு அப்புறம்.

அப்போதுதான் பார்த்தேன். ஸ்லாவிக், ஜெம்மா, அவர்கள் மகள் அனி. ஒன்பது வயது. தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னச் சிவப்பு வாளி. திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார்கள். ஒருத்தரும் ஒரு கை தண்ணீர்கூட அவர்கள் மேல் ஊற்றவில்லை. அவர்கள் வரும்போது வாளிகள் தாழ்ந்தன. போன பிறகு மறுபடி உயர்ந்தன. பிள்ளை நின்று நின்று திரும்பிப் பார்த்தது, யாராவது ஊற்றுவார்களா என்று. இந்த நாளில் ஊரில் காய்ந்த சட்டையோடு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள் மூன்று பேர் மட்டும்தான்.

என் கையிலும் வாளி இருந்தது. பாதி தண்ணீர் இருந்தது.

நானும் ஊற்றவில்லை.

ஜூலை 24, திங்கள்

ஆருஸ்யாக்கின் முறை. ஸ்லாவிக்கின் மடை பூட்டியே கிடக்கிறது, என் கையால் போட்ட பூட்டு. ஆனாலும் ஆருஸ்யாக்கின் வாய்க்காலில் சேறுதான். கரையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தேன். ஒரு சொட்டு அதிகமாக வரவில்லை.

அப்படியென்றால் ஸ்லாவிக் எதை எடுத்தான்?

வேண்டாம். நாளைக்கு மேலிருந்து நடக்கிறேன். முழு வாய்க்காலும். ஒவ்வொரு மடைக்கும் குச்சி நட்டு அளந்து பார்க்கிறேன். இதை ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டாமா? ஏன் செய்யவில்லை?

ஜூலை 25, செவ்வாய்

ஓடைத் தலையிலிருந்து தொடங்கினேன். முதல் மடையில் இரண்டு சாண். இரண்டாவதில் அதேதான். மூன்றாவதிலும் அதேதான். பழைய மாதா கோவில் இடிபாட்டைத் தாண்டியதும் ஒரு சாண் குறைந்தது. அங்கிருந்து நாலாவது மடைவரை திரும்பத் திரும்ப நடந்தேன். கரையில் காஞ்சொறிச் செடி இடுப்பளவு. கையெல்லாம் தடித்துவிட்டது. செடியை விலக்கியதும் கல் அடுக்கு. கல்லைப் புரட்டியதும் இரும்புக் குழாய். புதுசு. வாய், வாய்க்காலுக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

குழாய் போகும் பக்கம் நடந்தேன். நடக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நடந்தேன். மனசு சொல்வதைக் கால் கேட்கவில்லை.

குன்றுக்குப் பின்னால், நண்பகல் வெயிலில், நூற்றிருபது கன்றின் பாத்தியிலும் தண்ணீர். இலையெல்லாம் பளபளவென்று. ஒரு கன்றுகூட வாடவில்லை.

நல்ல மண்.

ஜூலை 26, புதன்

அண்ணனிடம் போனேன். கொட்டகையில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். அண்ணி வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, அவளுக்கும் தெரியும்.

"குழாயைப் பாத்தேன்."

தீட்டுவதை நிறுத்தவில்லை. "பாத்தியா. சரி."

"அண்ணே, ஸ்லாவிக்கை நான் ஊர் முன்னால வச்சுத் திருடன்னு சொன்னேன். நீ என் தோளைத் தட்டுனே."

"நான் அவனைத் திருடன்னு சொல்லலையே. நீ சொன்னே."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அரிவாள் கல்லில் உரசும் சத்தம். பிறகு அவனே பேசினான், வேகமாக. "இந்த வாய்க்கால் எங்க தாத்தன் தோண்டினது. அவங்க நேத்து வந்தவங்க. அவரை போனா அடுத்த வருஷம் அவரை. இது மரம்டி. இந்த ஒரு கோடை தாண்டிட்டா வேர் பிடிச்சிரும். கெவோர்க் வந்துருவான். வந்தா இங்க நிக்கறதுக்கு அவனுக்கு ஒரு காரணம் வேணாமா? அந்த வீட்டுல நீ இருக்கே. நான் கேட்டனா ஒரு வார்த்தை? இப்ப நான் கேக்கறேன். ஒரு கோடை. கண்ணை மூடிக்க."

"இருபத்தெட்டு வருஷம்ணே. நேத்து இல்ல."

"கணக்கு வாத்திச்சி" என்றான். அவ்வளவுதான்.

அண்ணி என் பின்னால் ஓடி வந்தாள். கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே நின்றாள். எதைக் கேட்கிறாள்? மறைக்கச் சொல்லியா, சொல்லச் சொல்லியா? அவளுக்கே தெரியாது போல.

ஜூலை 27

ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 29

ஸ்லாவிக்கின் பூட்டை மட்டும் திறந்துவிட்டேன். யாரும் பார்க்காத நேரத்தில். திருடியதைத் திருப்பி வைக்கும் திருடி மாதிரி.

ஆகஸ்ட் 1

ஜன்னலைத் திறந்தால் குன்று தெரிகிறது. மூடினால் புழுங்குகிறது. திறந்தும் மூடியும் காலைப் பொழுது போனது. சொன்னால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அண்ணன் என்னைத் தெருவில் விடமாட்டான். விடமாட்டான் என்று தெரிந்ததுதான் கஷ்டம். விட்டுவிடுவான் என்றால் சுலபமாகச் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வாய்க் நகரத்துக்கு மினிபஸ்ஸில் போய்விட்டுத் திரும்பும்போது, கீழே ஆற்றுப் பாலத்துக்கு அருகே ஜெம்மாவைப் பார்த்தேன். கழுதையின் இரண்டு பக்கமும் பால் கேன். ஆற்றில் இறங்கி மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். டிரைவரிடம் நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"இதெல்லாம்... அவரைக்கா?"

"வேற எதுக்கு?"

"எத்தனை நாளா?"

"மே மாசத்துலருந்து. விடியறதுக்கு முன்னால அவரு ரெண்டு நடை, வெயில் தாழ நான் ரெண்டு நடை." கேனின் மூடியை அழுத்தி மூடினாள். கை தோல் உரிந்திருந்தது.

"ஏன் சொல்லலை? அன்னிக்கே சொல்லியிருந்தா—"

"நீங்க கேட்டீங்களா அக்கா? ஈரம் ஏன்னு கேட்டீங்க. எங்கேருந்துன்னு கேக்கலையே."

பாலத்திலிருந்து ஊர்வரை ஏற்றம் நாலு கிலோமீட்டர். கழுதைக்குப் பின்னாலேயே நடந்து வந்தேன். நான் ஒரு கேனைத் தூக்கப் போனபோது, "வேணாம், பழக்கமில்லாதவங்க கொட்டிருவாங்க" என்றாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஸ்லாவிக்கின் வீட்டுக்குப் போனேன். வாசலோடு நிறுத்தினான். உள்ளே கூப்பிடவில்லை. இந்த ஊரில் எதிரிக்குக்கூடக் காபி கொடுப்பார்கள்.

சொன்னேன். எல்லாம். குழாய், குன்று, அண்ணன். என் தப்பு. மன்னிப்புக் கேட்டேன்.

கேட்டு முடித்து, "அப்ப சரி" என்றான். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். எங்க வச்சு அப்படிச் சொன்னீங்களோ, அங்க போய் இதையும் சொல்லுங்க."

"சொல்றேன். பூட்டுன ரெண்டு முறையையும் திருப்பித் தர்றேன்."

"அது தண்ணி. தந்துரலாம். என் பொண்ணு வர்தவார் அன்னிக்கு நனையாம வீட்டுக்கு வந்து, அந்த வாளித் தண்ணியைத் தானே தலையில ஊத்திக்கிட்டா. அதுக்கு எத்தனை முறை தருவீங்க?"

கதவைச் சாத்தவில்லை. நான் போகும்வரை திறந்தே வைத்திருந்தான். அது இன்னும் மோசம்.

திரும்பும் வழியில் அண்ணனிடம் போனேன். "நாளைக்குக் கடையில சொல்லப் போறேன். அதுக்கு முன்னால நீயே சொல்லிடுண்ணே. நீ சொன்னா அது வேற மாதிரி. நான் சொன்னா வேற மாதிரி."

என்னைப் பார்க்காமல், "உனக்கு என்ன இஷ்டமோ" என்றான்.

சொல்லிவிடுவான் என்று தோன்றுகிறது. அண்ணன்தானே. சொல்லிவிடுவான்.

ஆகஸ்ட் 7, திங்கள்

சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் போனேன். பெஞ்சில் ஆறேழு பேர், ரஸ்மிக்கும் இருந்தார். அண்ணன் நார்டி ஆடிக்கொண்டிருந்தான், ஸ்லாவிக் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில். என்னைப் பார்த்ததும் பகடையை உருட்டினான். ஆறும் ஆறும் விழுந்தது. எதிரில் இருந்தவன் கெட்ட வார்த்தை சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஸ்லாவிக் தண்ணி திருடல. ஆத்துலருந்து கழுதைமேல கொண்டாந்து ஊத்தறான். நான் விசாரிக்காம தப்பாச் சொன்னேன். மாதா கோவிலுக்குக் கீழ ஒரு குழாய் பதிச்சிருக்கு. தண்ணி அது வழியா போகுது."

"யாரோட குழாய்?" ரஸ்மிக் கேட்டார்.

ஒரு பொய் வாய்வரை வந்தது. 'தெரியல, பாக்கணும்' — இரண்டு வார்த்தை. எவ்வளவு சின்னது.

"எங்க அண்ணனோடது."

அண்ணன் எழுந்தான். கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டி கேட்டான். வாங்கினான். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கமாகத்தான் நடந்து போனான், தோள் உரசுகிற தூரத்தில். மீதிச் சில்லறையை வாங்கவில்லை. அவன் காசை மறந்து நான் பார்த்தது இரண்டாம் தடவை. முதல் தடவை அப்பாவின் சவப்பெட்டி வாங்கும்போது.

வீட்டுக்கு அவன் முற்றத்தைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 8

குழாயை அவனே பிடுங்கிவிட்டான். தெரு வழியாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். சுற்றி வளைத்துப் போயிருக்கலாம். போகவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

திராட்சைக்கு ஆசீர்வாதம். பாதிரியார் வந்து மந்திரித்தார். ஒரு ஆடு வெட்டி எல்லா வீட்டுக்கும் பங்கு. எனக்குப் பங்கு கொண்டுவந்த பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனாள், கையில் கொடுக்கவில்லை. மேலத்தெருவில் எனக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது: அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள்.

பூசை முடிந்து அங்கேயே கூட்டம். அண்ணன் வரவில்லை, அண்ணி மட்டும் பின்வரிசையில். முறை பார்க்க வேறு ஆள் போடலாம் என்று மேலத்தெருவில் மூன்று பேர் சொன்னார்கள். "வீட்டுக்கே விசுவாசம் இல்லாதவ ஊருக்கு எப்படி இருப்பா?"

ஆருஸ்யாக் எழுந்தாள். "சரி, மாத்துவோம். பகல் வெயில்ல வாய்க்கால் பூரா நடக்கறதுக்கு யாரு வர்றீங்க? கையத் தூக்குங்க பாப்போம். ம்? ஐயா, நீங்க? கால்ல வலியா? நீங்க? மாடு கன்னு போடப் போகுதா?" ஒவ்வொருத்தராகக் கேட்டாள். முதலில் கோபம், பிறகு சிரிப்பு. ஒரு கைகூட எழவில்லை.

ரஸ்மிக் முடிவு சொன்னார். ஸாவெனுக்கு இந்தக் கோடையில் இனி தண்ணீர் இல்லை. ஸ்லாவிக்குக்கு இரண்டு முறை அதிகம். பிறகு ஸ்லாவிக் முதல் தடவையாகப் பேசினான். என் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. "அடுத்த வருஷத்துலருந்து முறை கடைமடையிலருந்து தொடங்கட்டும். கீழ முதல்ல பாயட்டும். மேல இருக்கறவங்களுக்கு எப்படியும் வந்துரும். தண்ணி அவங்க வாசலைத் தாண்டித்தானே வருது."

ரொம்ப நேரம் சத்தம். கடைசியில் பாதிரியார், "நியாயமாத்தான் படுது" என்றார். இரண்டு கை வித்தியாசத்தில் நிறைவேறியது. அண்ணியின் கையும் எழுந்ததா? எழுந்த மாதிரி இருந்தது. நான் மறுபடி பார்ப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17

ஆருஸ்யாக்குக்கு இரண்டரை மணி நேரம் முழுத் தண்ணீர். உருளைக்கிழங்குப் பாத்தியில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நின்று கத்தினாள், "போதும்! மூடு! மூழ்கடிக்கப் போறியா!"

ஆகஸ்ட் 21, திங்கள்

வீடு மாறினேன். யாரும் போகச் சொல்லவில்லை. குன்றுக்குப் பின்னால் கன்றுகள் ஒவ்வொன்றாகப் பழுப்பது தெரிந்தும் அவன் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் குளிக்க முடியவில்லை. மூடிக்கிடக்கும் பாலர் பள்ளிக் கட்டடத்தில் ஒரு அறை கொடுத்தார் ரஸ்மிக். சுவரில் முயல் படம். கழுவும் தொட்டி என் முழங்கால் உயரம்.

நான் சாமான் ஏற்றும்போது அண்ணன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஒரு தடவை நிறுத்தினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நின்றேன். மறுபடி பிளக்க ஆரம்பித்தான்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மாஸ்கோவிலிருந்து கெவோர்க்கின் போன். என்னை அவன் கூப்பிட்டே ஒரு வருஷம் இருக்கும்.

"அத்தை, அப்பா சொன்னாரு, மரமெல்லாம் போச்சாமே."

"ஆமாம்பா. முக்கால்வாசி. என்னாலதான்."

பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். "அத்தை... உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் வர்றேன்னு அவர்கிட்டச் சொன்னதே இல்ல. அவரு ஒவ்வொரு வாரமும் தோப்பைப் பத்திச் சொல்வாரு. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டிருப்பேன். இங்க ஒரு பொண்ணைப் பாத்திருக்கேன். இங்கதான் இருக்கப் போறேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்கிட்டச் சொல்லிட்டியே. இதே மாதிரி அவர்கிட்டயும் சொல்லு."

"நீங்க சொல்லிடுங்களேன் அத்தை."

"மாட்டேன்" என்றேன். "அவரைப் பத்தி ஒரு தடவை ஊருக்கு முன்னால சொன்னது போதும். இதை நீதான் சொல்லணும்."

வைத்துவிட்டேன். கோபம். யார்மேல்? அந்த 'ம், ம்' மேல். நூற்றிருபது கன்றும் ஒரு கீழத்தெருவும் அந்த 'ம், ம்'மில் காய்ந்தன. ஆனால் நானும் ஏப்ரலில் சிரித்துத்தானே சம்மதித்தேன்.

அறையில் எட்டு அடி இந்தப் பக்கம், எட்டு அடி அந்தப் பக்கம் நடந்தேன். முயல் பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 24

ஜெம்மா ஒரு பை அவரை கொடுத்தனுப்பியிருக்கிறாள். விதைக்கா, சமையலுக்கா என்று சொல்லவில்லை. ஸ்லாவிக் தெருவில் பார்த்தால் தலையசைக்கிறான். அனி இன்னும் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அது அவள் உரிமை.

அக்டோபர் 20

வாய்க்காலை மூடியாயிற்று. கையில் வேலையில்லை. கால் மட்டும் நிற்கவில்லை.

நவம்பர் 3

அண்ணி கடையில் என் காதோடு சொன்னாள், "கெவோர்க் சொல்லிட்டான். மூணு நாளா அவரு சாப்பிடல." வந்து பார்க்கட்டுமா என்றேன். "இப்ப வேணாம். உன்னைப் பாத்தா அழுதுருவாரு. அது அவருக்குப் பிடிக்காது."

நவம்பர் 16, வியாழன்

முதல் பனி. அலுவலகத்தில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. ரஸ்மிக் நகரத்துக்குப் போயிருந்தார். வசந்தத்துக்கான தண்ணீர் முறைப் பட்டியலில் பெயர் கொடுக்க இந்த வாரம்தான் கெடு. கீழத்தெருவிலிருந்து எல்லாரும் முதல் நாளே கொடுத்துவிட்டார்கள். மேலத்தெருவில் பாதிப் பேர் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தான். தொப்பியைக் கழற்றிப் பனியை உதறினான். மேஜைக்கு எதிரில் எல்லாரும் நிற்கும் இடத்தில் நின்றான். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது நாங்கள் பேசி. தாடி நரைத்திருக்கிறது.

"முறைக்குப் பேர் எழுதணும்" என்றான்.

பேனாவை எடுத்தேன். மற்றவர்களிடம் கேட்கிற மாதிரியே கேட்டேன், வேறு மாதிரி கேட்கத் தெரியவில்லை. "என்ன பயிர்?"

"ஆப்ரிகாட். பிழைச்சது இருபத்தாறு. மேல ஒரு பதினஞ்சு வைக்கலாம்னு."

கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன். "யாருக்குண்ணே?"

அடுப்பைப் பார்த்தான். "மரம் காய்க்க நாலு வருஷம். அதுக்குள்ள நான் செத்துர மாட்டேன். நான் தின்னுட்டுப் போறேன்."

பட்டியலைப் பார்த்தேன். "கீழருந்து தொடங்குது. உனக்குப் பத்தொன்பதாவது வருது."

முன்பெல்லாம் அவன் மூன்றாவது. அப்பா காலத்திலிருந்து மூன்றாவது. சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், கத்துவான் என்று.

"எந்தத் தேதி விழும்?"

"தண்ணி ஏப்ரல் பத்துல விட்டா, இருபத்தொண்ணு. காலைல."

விரலால் மேஜைமேல் எண்ணிப் பார்த்தான், தலையாட்டினான். கையெழுத்துப் போட்டான். வாசல்வரை போய்த் திரும்பி நின்றான்.

"அந்த ஸ்கூல் ரூம்ல அடுப்பு இருக்கா?"

"இல்ல. கரண்ட் ஹீட்டர் ஒண்ணு இருக்கு."

"அது எதுக்கு ஆகும்" என்றான், கோபமாக. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் வேலை முடிந்து நான் திரும்பி வரும்போது பாலர் பள்ளி வாசலில் அவனுடைய நீவா கார் நின்றது. உள்ளே அவனும், தூக்கக் கை கொடுக்க வந்த ஸ்லாவிக்கும். ஒரு பழைய இரும்பு அடுப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, புகைக்குழாயை எந்த ஜன்னல் வழியாக விடுவதென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.